அத்தை தோண்டிய குழிகள்

அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த அத்தை, தீபாவளி முடிந்தும் போகவில்லை. என் அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனாவுக்கு, ஒரே தங்கை. திருச்சானூரில் லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா குடித்துவிட்டு அடிப்பார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டு வயதில் எனக்கும் தெரியும். ஆனால் பெரியவர்கள் அதை, கரண்ட் போய்விட்டது என்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நகரியில் எங்கள் வீடு. முன்கட்டில் நாங்கள் இருந்தோம், பின்கட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடின. அதற்கும் பின்னால் கொல்லை என்ற பெயரில் ஒரு துண்டு நிலம். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியைக் கொட்டிக் கொட்டி அது சிமென்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. கார்த்திகை மழை விட்டதும் அத்தை கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள்.

மார்கழி முழுக்கத் தோண்டினாள். குளிரில் நாங்கள் போர்வையை இழுத்துக்கொள்ளும் நேரத்திலேயே ணங் ணங்கென்று சத்தம் கேட்கும். முழங்கை ஆழத்தில் பதினொரு குழிகள். ஒவ்வொன்றிலும் காய்ந்த இலையும் ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் போட்டு, மண்ணால் மூடி, தண்ணீர் தெளித்து ஆறவிட்டாள். புழுக்கை பொறுக்கி வருவது என் வேலை. கூலி ஒரு கை வேர்க்கடலை. அதிலும் சொத்தைக் கடலைக்கு நான் தகராறு செய்வேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா பேச்சை எடுத்தாள். "இன்னும் எத்தினி நாளும்மா? அவரு போன் பண்ணிக்கினே கீறாரே."

"பொங்கல் கழிஞ்சதும் வெதை போட்டுடுவேன் அண்ணி. பூசணி, பீர்க்கங்கா, வெள்ளரி எல்லாம் பங்குனிலதான் காய்க்கும். அதுவரைக்கும் தண்ணி ஊத்த ஆளு வேணாவா? நீங்க ரெண்டு பேரும் தறியாண்ட கீறீங்க."

நைனா சோற்றைப் பிசைந்தபடி, "சரி, காய்க்கிற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அன்று அத்தை இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். பங்குனி முடிந்ததும் வெண்டை போடப்போவதாக என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். வெண்டைக்காயில் என்ன ரகசியம் என்று எனக்கு விளங்கவில்லை.

திருச்சானூரிலிருந்து அவள் கொண்டுவந்தது இரண்டு புடவைகளும் ஒரு விதை முடிச்சும்தான். பழம்புடவைக் கிழிசலில் ஒவ்வொரு வகை விதையையும் தனித்தனியாக முடிந்து, தறிக்கொட்டகை வாசலில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். தறிக்கு எண்ணெய் துடைக்கும் கந்தல்கள் தொங்குவதும் அதே ஆணியில்தான்.

போகி வந்தது. எங்கள் தெருக் குவியலைவிட எதிர்த்தெருக் குவியல் உயரமாக இருந்தது. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் விடியற்காலையில் வீட்டுக்குள் ஓடினேன். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஆணியில் இருந்த கந்தல்கள் எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிவந்து நெருப்பில் போட்டேன். எண்ணெய்த் துணி குப்பென்று பிடித்தது. உள்ளே ஏதோ படபடவென்று வெடித்தது. யாரோ பட்டாசு போட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினோம்.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தை ஓடிவந்தாள். ஒரு குச்சியால் நெருப்பைக் கிளறினாள். கருகிய முடிச்சு ஒன்று வெளியே வந்து உருண்டு, தொட்டதும் பொடிந்துபோனது.

"இன்னாடி பண்ணிட்ட, கண்ணு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். ஒரு டம்ளரை உடைத்தாலே முதுகு பழுக்கும் வீடு அது. ஆனால் அம்மா குனிந்து பார்த்து, கையில் சூடாக ஒரு போளியைக் கொடுத்தாள். "சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்" என்று நைனாவிடம் சொன்னாள். சாயங்காலம் நைனா எனக்குக் கரும்பு சீவிக் கொடுத்தார். அவ்வளவு பிரியமாக அவர்கள் என்னை நடத்தியதே இல்லை. ராத்திரி அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "வெதையே பூடுச்சி. இனிமே கொல்லையில இன்னா வேலை கீது" என்றாள்.

மூன்றாம் நாள் அத்தை தன் இரண்டு புடவைகளையும் மடித்துப் பையில் வைத்தாள். பஸ் ஏற்றிவிட நைனா சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னாலதான அத்தை நீ போற?" என்று அழுதேன்.

"உன்னால இல்லடி" என்று என் மூக்கைத் துடைத்துவிட்டாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. குழிகள் கோடை முழுக்க அப்படியே கிடந்தன. அவளை அனுப்பியவள் நான்தான் என்ற குற்ற உணர்ச்சியோடு பல வருஷங்கள் இருந்தேன். அது ஒரு தண்டனை போலத்தான் இருந்தது.

இப்போது நினைத்துக்கொள்வது வேறொரு நாளை. போகிக்கு மறுநாள், பொங்கல். பொங்கல் குழம்புக்கு அம்மா முற்றிய பூசணிக்காய் ஒன்றை அரிவாள்மணையில் பிளந்தாள். பக்கத்தில் அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நைனா கதவருகே நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே கையைவிட்டுச் பஞ்சு போன்ற சோற்றையும் விதையையும் வழித்தாள். வெள்ளை வெளேரென்று முறம் நிறைய விதை. அத்தையின் கை நின்றது. அவள் முறத்தைப் பார்த்தாள், பிறகு நைனாவைப் பார்த்தாள். நைனா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

"குப்பையில கொட்டிட்டு வாடி" என்றாள் அம்மா.

முறத்தை வாங்கிக்கொண்டு, அத்தையைத் தாண்டிப் போய், குப்பைமேட்டில் நானே கொட்டிவிட்டு வந்தேன்.