லித்தியத்துக்குக் கீழே சோடியம்

உப்பில்லாத கேழ்வரகுக் கூழ் ஆறும்போது ஒரு பச்சை வாடை வரும். அந்தச் சித்திரையில் கம்மாபுரத்தில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான்...

நான் அப்போது அண்ணாமலை நகரில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தீமிதிக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில மாதம் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பாள். சில மாதம் பாயை விட்டு எழவே மாட்டாள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், புண்ணியவான்கள். கடலூர் டாக்டரின் மாத்திரையில் கொஞ்சம் நிதானப்பட்டிருந்தாள். முழுசாகக் குணமாகட்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டு, அவளுக்குக் காப்புக் கட்டி, தீமிதி வரை உப்பில்லா விரதம் இருக்க வைத்தாள். மாத்திரையும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்தால் கூடம் நிறையப் பெண்கள். நடுவில் மஞ்சள் புடவையில் அக்கா...

கையில் கொடுத்த எலுமிச்சம்பழம் நடுக்கத்தில் உருண்டு விழுந்தது. எழுந்தால் கால் பின்னியது. கருவிழி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துத் துடித்தது. நாக்குக் குழறி அவள் சொன்னதையெல்லாம் குறி என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மூணு நாளா சாமி மலையேறவே மாட்டேங்குதுடா" என்றாள் அம்மா. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

நான் குனிந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி... உள்ள என்னமோ இருக்குடா... போவ மாட்டேங்குது."

அது அவள் குரலே இல்லை.

அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். லித்தியம்.

தனிம அட்டவணையின் முதல் தொகுதி கண்முன் வந்து நின்றது. லித்தியம், அதற்கு நேர் கீழே சோடியம். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான், குணமும் ஏறக்குறைய ஒன்று. சாப்பாட்டு உப்பில் இருப்பது அந்தச் சோடியம்தான். அது வராமல் போனால், வெளியே போக வேண்டிய லித்தியத்தை நம்ம ஆள் என்று உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளுமோ...

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"உப்ப நிறுத்திட்டீங்களா? மருந்தே விஷமா ஏறியிருக்கும். மாத்திரை குடுக்காதீங்க. உடனே பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அம்மா வாசலை மறித்தாள். "தீமிதி முடியாம சாமிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்களாடா? குடும்பம் வெளங்குமா?"

"அவ செத்துட்டா உன் சாமி யாரு மேல வரும்?" கத்திவிட்டேன். தாய்மாமன்தான் கார் சாவியை எடுத்தார்.

தெருமுனை வரை பெண்கள் கும்பிட்டபடியே காருக்குப் பின்னால் வந்தார்கள். சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது. சலைன் ஏற்றி, ரத்தத்தைச் சுத்தம் செய்து, ஒருவழியாகப் பிழைக்க வைத்தார்கள்.

இன்று கடலூரில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அதே முதல் தொகுதியை நடத்துகிறேன். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். வேறு மாத்திரை, நல்ல தூக்கம். ஊரிலிருந்து வருகிறவர்கள் அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "இப்ப எப்படி இருக்கா?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

போன வாரம் அப்படி ஒரு கூட்டம் வந்து போன பிறகு, அந்த நாளெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லாம என்ன? உசுரே போற மாதிரி பயம்..." காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஆனா அந்த மூணு நாளுதான்டா, நான் பேசுனத எல்லாரும் உக்காந்து கேட்டாங்க."