மாற்றக் கூடாத தண்ணீர்

பிரிட்ஜ்வாட்டரில் நம்மவர்கள் கட்டிய கோயிலிலிருந்து மேற்கே அரைமணி நேரம் ஓட்டினால் எங்கள் வீடு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது கொல்லையில் கொட்டகை மாதிரி நிற்கும் வுட் ஃபர்னஸ். உள்ளே விறகு எரியும். நெருப்பைச் சுற்றியுள்ள இரும்புத் தொட்டியில் தண்ணீர் சூடாகி, மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்குள் வந்து திரும்பும். அதே தண்ணீர்தான் வருஷக்கணக்கில் சுற்றும். இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அதில் ஒரு மருந்து கலந்திருக்க வேண்டும். மருந்து குறைகிறதா என்று சோதிப்பது என் வேலை. விறகு போடுவது கணவருடையது.

அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு குளிர்காலம் முழுக்க நான் ஊருக்குப் போய் ஈரோட்டில் இருந்தேன். அப்போது கணவரின் அண்ணன் அவர் இருக்கும் பிளானோவிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். தொட்டித் தண்ணீரில் மருந்தால் வந்த பழுப்பு நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. மொத்தத்தையும் திறந்துவிட்டு, வெறும் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் சோதித்தேன். மருந்து துளிகூட இல்லை. சோதிக்கத் தண்ணீர் பிடித்த பாட்டிலின் அடியில் துரு படிந்தது.

“தண்ணிய யாருங்க மாத்துனது?”

“அண்ணன்தான். ஒரே அழுக்கா இருக்குன்னு தொறந்து விட்டுட்டாரு. ஹீட் நல்லாத்தானே வருது? ஏன் ஓவர் ரியாக்ட் பண்றே?”

பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியைக் கழுவி, மருந்து ஊற்றி நிரப்பினேன். ஆனால் அரித்த இரும்பு அரித்ததுதான். அடுத்த குளிர்காலத்தில், வெளியே பனி குவிந்து கிடந்த ஒரு காலையில், தொட்டி ஓட்டையாகி நெருப்புக்குள் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. விறகு நனைந்து புகைந்தது. மகள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். வெல்டர் வெட்டியெடுத்த தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் பட்ட பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

கணவர் அண்ணனுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

“நான் அப்பவே நெனச்சேன்டா. அந்த கெமிக்கல்தான் இரும்பத் தின்னுருச்சு.”

ஃபோனை வைத்ததும் கணவர் என்னைப் பார்த்தார். “அவரு சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கில்ல?”

தகட்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “நல்லா பாருங்க. இத்தன வருஷம் மருந்து இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு வின்டர் மருந்து இல்ல, இப்படி ஆயிருச்சு.” அவர் தோசையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்தக் கோடையில் அண்ணன் மறுபடி வந்தார். கோயில் கேன்டீனில், புதிதாக ஃபர்னஸ் வாங்கியிருந்த ஓர் அங்கிளுக்கு அவர் அறிவுரை சொல்வது என் காதில் விழுந்தது. “வருஷா வருஷம் தண்ணிய மாத்திருங்க சார். தம்பி வீட்டுலகூட நான்தான் க்ளீன் பண்ணிக் குடுத்தேன்.”

சாப்பாட்டு வரிசையை விட்டு நேராக அவர்களிடம் போனேன்.

“அங்கிள், அதக் கேக்காதீங்க. இந்த மாமா மாத்துன தண்ணிதான் எங்க ஃபர்னஸ ஓட்ட பண்ணுச்சு. மருந்தில்லாத தண்ணிய உள்ள விடாதீங்க.”

“ஏம்மா, பொது எடத்துல...” என்றார் அண்ணன்.

“நீங்க சொன்னதும் பொது எடத்துலதான் மாமா.”

அங்கிள் என்ன மருந்து என்று கேட்டார். நின்று விளக்கமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஆத்திரம் மட்டும் தீரவில்லை.