மச்சான்கள் மாற்றிய கேஸ்கெட்

ஒரு காரின் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் முதன்முதலில் பார்த்தது, அப்பாவும் தாய்மாமாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலத்தில். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு வாட்சப் செய்தி. மாமா பூச்சோங்கில் புதுவீடு வாங்கிப் பால் காய்ச்சினார். உறவுக்காரர்கள் எல்லோரையும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர், சொந்த அக்கா வீட்டுக்கு மட்டும், நம்ம வீடுதானே என்ற உரிமையில், அழைப்பிதழைப் படம் பிடித்துப் போனில் அனுப்பிவிட்டார். படத்துக்குக் கீழே கும்பிடுகிற இரண்டு மஞ்சள் கைகள் வேறு. அப்பாவுக்குக் கோபம் வந்தது அந்தக் கைகளைப் பார்த்துத்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். பால் காய்ச்சிய அன்று அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு கிடைக்கவில்லையாம். கேட்டால்தானே கிடைக்கும்.

அதற்குப் பிறகு என் தங்கைக்குக் காது குத்தும் நாள் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமாவை அப்பாதான் அழைக்க வேண்டும். கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது, மொட்டை போடுபவருக்கும் சொல்லியாகிவிட்டது, மடிக்கு மட்டும் சொல்லவில்லை. அம்மா கேட்டபோது, "நானும் ஒரு மெசேஜ் போட்டுர்றேன்" என்றார் அப்பா. அம்மா அப்பாவின் போனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய கார் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. எஞ்சின் தலையை மூடியிருக்கும் கவருக்கு அடியில் ஒரு ரப்பர் கேஸ்கெட் உண்டு. அது காய்ந்து இறுகிப்போய், எண்ணெய் வழிந்து, சூடான புகைக்குழாய் மேல் சொட்டியது. சிக்னலில் நின்றால் போதும், தீய்ந்த வாடை காருக்குள் வந்துவிடும். நாங்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். அப்பா மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் பச்சை விளக்குக்குக் காத்திருப்பார்.

வர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டாம், தம்பி வந்து மாற்றிக் கொடுப்பான் என்றார் அம்மா. மாமா ஏர்கோன் பொருத்துகிறவர். கார் வேலையெல்லாம் யூடியூப் பார்த்துப் பழகியது. நான் அப்பாவிடம், லோரிக்கு நீங்கள்தானே எல்லாம் பார்க்கிறீர்கள், இதையும் நீங்களே மாற்றினால் என்ன என்று கேட்டேன்.

"லோரி வேற, கார் வேற. எனக்கு என்னா தெரியும்?" என்றார் அப்பா.

நான் நம்பினேன். பெரிய எஞ்சினைத் தெரிந்தவருக்குச் சின்ன எஞ்சின் தெரியாமல் போவது, ஆறாம் ஆண்டுப் பையனுக்கு ஒன்றாம் ஆண்டுக் கணக்கு மறந்துபோவது போல என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்தார். மாடிக்கு வரவில்லை. எங்கள் பிளாட்டின் கீழே, கார் நிறுத்துமிடத்திலேயே கருவிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, காரைப் பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னார். அப்பா கீழே இறங்கினார். சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். சாவியை என்னிடம் கொடுத்தார். நான் மாமாவிடம் கொடுத்தேன். அதோடு அப்பா மேலே போயிருக்கலாம். போகவில்லை.

மாமாவின் போன் கார் பேட்டரி மேல் சாய்ந்து நின்றது. அதில் ஓர் இந்தோனேசியக்காரர் வேறு ஏதோ ஒரு காரின் கவரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமா அவரைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினார். பிளக் வயர்களை உருவி வரிசை மாறாமல் என் கையில் கொடுத்தார். கவர் லேசில் வரவில்லை. ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினார். அப்பா என்னைப் பார்த்து, "மெதுவா தட்டச் சொல்லு, அலுமினியம்" என்றார். மாமாவும் என்னைப் பார்த்து, "தெரியும்னு சொல்லு" என்றார். இருவருக்கும் இடையில் ஒரு கை நீளம்கூட இல்லை. ஆனாலும் நான் இரண்டையும் சொன்னேன். எனக்கு அது பெரிய பதவியாக இருந்தது.

கவர் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியே அவ்வளவு அழுக்காக இருந்த எஞ்சின் உள்ளே தேன் நிறத்தில் பளபளத்தது. நீளமான கம்பி ஒன்று, அதில் வரிசையாக முட்டை முட்டையாகத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி. ஏன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கவில்லை என்று கேட்டேன். ஒரே பக்கம் பார்த்தால் கார் ஓடாது என்றார் மாமா. பழைய கேஸ்கெட்டை அவர் பிய்த்தபோது அது முறுக்கு போல ஒடிந்தது. அது இருந்த பள்ளத்தை, சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சியில் துணி சுற்றித் துடைத்தார். எனக்கும் ஒரு குச்சி கிடைத்தது.

கழற்றிய போல்ட்டுகளையெல்லாம் மாமா சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தார். மூலையைத் துடைக்கக் குனிந்தார். ஒரு போல்ட் பையிலிருந்து நழுவி, முட்டைகளுக்கு நடுவே டிங் என்று விழுந்து, ஓரத்தில் செயின் ஓடும் இருட்டுப் பொந்தில் போய் நின்றது. மாமாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அது கீழே இறங்கிவிட்டால் பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டும், தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினே போய்விடும். பொந்துக்குள் விரலை விடப் போனார்.

"கைய விடாத மச்சான், தள்ளிவிட்ருவ" என்றார் அப்பா.

என்னிடம் சொல்லவில்லை. நேராக மாமாவிடமே சொன்னார். நான் அதை மாமாவிடம் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா என்னை மேலே விரட்டி, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அன்னாசிப்பழ உருவக் காந்தத்தை எடுத்துவரச் சொன்னார். அதைச் சாத்தே குச்சியின் நுனியில் நூலால் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் இறக்கினார். மாமா போன் வெளிச்சத்தைக் காட்டினார். இந்தோனேசியக்காரரைப் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டுத்தான் அந்த வெளிச்சம் கிடைத்தது.

"இடது பக்கம் மச்சான். கொஞ்சம் கீழ" என்றார் மாமா.

"ஆட்டாத லா, கண்ணு கூசுது."

போல்ட் அன்னாசிப்பழத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. இருவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அதன் பிறகு எனக்குப் பதவி போய்விட்டது. புது கேஸ்கெட்டைப் பள்ளத்தில் அழுத்தியதும், மூலைகளில் சிலிக்கோன் பசை தடவியதும், கவரை இறக்கியதும் இருவருமாகத்தான். நடுவிலிருந்து ஆரம்பித்து, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும் என்று அப்பா சொல்ல, மாமா முடுக்கினார். லோரி வேறு, கார் வேறு என்று நினைவூட்டினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போனோம். சிக்னலில் நின்றபோது அதே தீய்ந்த வாடை. "இன்னும் வருது" என்று நான்தான் முதலில் சொன்னேன். மாமாவின் முகம் சுருங்கியது. அப்பா ஜன்னலைத் திறந்து, நிதானமாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஆமா, வருது. வர்ற ஞாயித்துக்கிழம வந்து ஒருக்கா பாத்துரு மச்சான். அன்னிக்குக் காலைல பாப்பாவுக்குக் காது குத்து. அப்படியே கோயிலுக்கு வந்துரு."

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மெசேஜ் போடுவீங்களா?"

"அதான் நேர்ல சொல்றேன்ல."

புதன்கிழமை வாக்கில் வாடை சுத்தமாக நின்றுவிட்டது. பிறகு பல்கலைக்கழகத்தில் எஞ்சின் பாடம் படித்தபோதுதான், புகைக்குழாயில் முன்பே சிந்திய எண்ணெய் எரிந்து தீரும்வரை வாடை வரும், பழுது என்று பயப்பட வேண்டியதில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு மாமா ஜெயித்துவிட்டார் என்ற மகிழ்ச்சி மட்டும்தான். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். மாமா இனிமேல் வந்து சிரமப்பட வேண்டாம் என்றும் சொன்னேன்.

"மாமாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார் அப்பா.

ஒருவர் நன்றாக வேலை செய்தால் பாராட்டக்கூட மனம் வராதா என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. காது குத்து அன்று, மாமா மடியில் தங்கை வீறிட்டு அழுது ஓய்ந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மாமாவைத் தனியாகக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போய் உண்மையைச் சொன்னேன். வாடை நின்றுவிட்டது, நீங்கள் மாற்றியது சரியாகத்தான் இருக்கிறது என்றேன். மாமா என் தலையைத் தடவினார். பிறகு, கையில் பாயசக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "மச்சான், லேசா வாடை வர்ற மாதிரிதான் இருக்கு. அடுத்த வாரமும் வந்து பாத்துர்றேன்" என்றார்.

"ஆமா. எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் அப்பா.

நான் காரின் முன்மூடியில் மூக்கை வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். சாம்பிராணி மணத்தைத் தவிர எதுவும் வரவில்லை. எனக்குச் சளி பிடித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அம்மாவிடம் மருந்து கேட்கப் போனேன்.