கோட எறங்கிருச்சு

ஒருவர் சொன்ன சொல்லை நான் மாற்றிச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அதனால் அவருக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு உண்டு. எங்காவது நடுவில் நழுவிவிடுவேன்.

போன வாரம் போடியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காலையில் வந்த நர்ஸ் பெண் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எறங்கிருச்சுய்யா" என்றாள். நல்ல செய்திதான். நானோ கட்டிலின் இரும்புச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். "எறங்குனதுக்கா இப்பிடி மெரளுறீக?" என்று சிரித்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் பயந்துகொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தரை துடைக்கிற மருந்து நெடி வேறு. அந்த மாதிரி நெடிதான் ராசிங்காபுரத்துக்கு வெளியே ஒரு தரிசில் எங்கள் கூடாரத்தைச் சுற்றி எந்நேரமும் நிற்கும். எழுபதுகளின் நடுவில் மலையில் ஏலச்செடிக்கு ஹெலிகாப்டரிலிருந்து பூச்சிமருந்து தெளித்துப் பார்க்க ஒரு கம்பெனி வந்திருந்தது. மருந்தில் பாதி நிழல்மரங்களின் தலையிலேயே நின்றுவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. மதுரையில் பௌதிகம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன், ஆங்கிலம் பேசுவேன், எனவே வயர்லெஸ் ஆபரேட்டர். என் மேஜையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஹெலிகாப்டரை ஓட்டுகிற கேப்டன் பேசுவார். வடக்கத்திக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், தமிழ் தெரியாது. இன்னொன்றில் குரங்கணிக்கு மேலே பாறை உச்சியில் உட்கார்ந்திருந்த தங்கையா பேசுவார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்க முடியாது. நடுவில் நான்.

தங்கையா ஒரு எஸ்டேட் காவல்காரர். நாற்பதைத் தாண்டியவர். அம்மா வழி மலையாளம், அப்பா வழி போடி; பேச்சும் அப்படித்தான் கலந்துகட்டி வரும். மலைக்குப் பின்பக்கச் சரிவு கீழேயிருந்து எங்களுக்குத் தெரியாது. அங்கே மூடுபனி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"கட்டஞ்சாயா குடிச்சாச்சு சாரே, ஓவர்."

"அண்ணே, அதையெல்லாம் சொல்ல வேண்டாம்."

"சரி சாரே, சொல்லல. சீனி இல்லாமத்தான் குடிச்சேன். ஓவர்."

மூடுபனிக்கு அவர் 'கோட' என்பார். முதல் நாள் நான் குழம்பிப் போனேன்.

"எங்க ஊர்ல கோடைன்னா வெயிலுண்ணே."

"அப்ப உங்க ஊர்ல மனுசன் எப்பிடித்தான் பெழைக்கான்? ஓவர்."

அந்த ஒரு வார்த்தையைத் தெரிந்துகொண்டதும் மலைப்பாஷை முழுக்க எனக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். படித்தவனுக்கு வருகிற கோளாறு அது.

மழை விட்டிருந்த நாட்கள். அது நடந்த அன்று காலையில் கோடை மூடியிருப்பதாகத் தங்கையா முதலில் சொன்னார். கேப்டன் தரிசில் ஹெலிகாப்டர் விசிறியைச் சுற்றவிடாமல் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கோடை பிரிந்து சரிவு தெரிகிறது என்றார் தங்கையா. கேப்டன் கிளம்பினார். போகிற வழியில் என்னிடம், "மறுபடி கேட்டுச் சொல்" என்றார். கேட்டேன். கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது.

"கோட எறங்கிருச்சு சாரே. ஓவர்."

எங்கள் வீட்டில் காய்ச்சல் இறங்கும், தேள்கடி விஷம் இறங்கும், வாய்க்காலில் வெள்ளம் இறங்கும். இறங்கினால் தீர்ந்தது, நிம்மதி. மலைக்காரருக்குக் கோடை இறங்குவது அப்படியில்லை. மேலேயிருந்து இறங்கி வந்து ஆளை மூடுவது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லியிருந்த விதி. ஒரே ஒரு தடவை "எறங்கிருச்சுன்னா?" என்று கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் 'பனி போய்விட்டது, சரிவு தெளிவு' என்று கேப்டனுக்குச் சொன்னேன். நோட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும். கேப்டனின் குரல் தணிவாக வந்தது. "வெள்ளை. எங்கே பார்த்தாலும் வெள்ளை."

அதே நேரம் மற்றப் பெட்டி அலறிற்று. தங்கையா பொத்தானை அமுக்கிக்கொண்டே கத்தினார். அவர் குரலுக்குப் பின்னால் ஹெலிகாப்டர் சத்தம். கேப்டனின் பெட்டி மௌனமாக இருக்கிறது. அவருடைய இயந்திரமோ இந்தப் பெட்டிக்குள் இரைகிறது. அந்தச் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது.

"சாரே! எந்தலைக்கு மேல கேக்குது, ஒண்ணும் காணல! பாறைக்கு நேரா வர்றான்! கெழக்கால திருப்பச் சொல்லு, கெழக்கால பள்ளம்! வெரசா சொல்லு!"

கட்டைவிரல் பொத்தானில் வழுக்கியது. "கிழக்கு, கிழக்கு" என்று ஆங்கிலத்தில் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. சத்தம் விலகியது. பிறகு மரங்கள் முறிகிற சத்தம். பிறகு இரண்டு பெட்டிகளிலும் வெறும் இரைச்சல்.

பிறகு தங்கையாவின் குரல் வந்தது. 'ஓவர்' இல்லாமல். "கோட எறங்கிருச்சுன்னு சொன்னேனே சாரே. பெறகு ஏன் விட்டீக?"

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

கேப்டன் பிழைத்தார். நிழல்மரங்கள் இயந்திரத்தைத் தாங்கிக்கொண்டன. தங்கையாவும் நான்கு பேரும் கம்பளியில் தொட்டில் கட்டி அவரைக் குரங்கணி வரை தூக்கி வந்தார்கள். முதுகெலும்பு போயிற்று, பிறகு அவர் பறக்கவில்லை.

அடுத்த வாரம் பயணியர் விடுதியில் விசாரணை. வெளியூர் அதிகாரி ஒருவர், கம்பெனி மேனேஜர் ஒருவர், நான், தங்கையா. தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். எனவே தங்கையா சொல்வதை மொழிபெயர்க்க என்னையே உட்காரவைத்தார்கள். அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

தங்கையா சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "கோட எறங்கிருச்சுன்னுதான் சொன்னேன். பொய் சொல்ல எனக்குத் தெரியாது."

அதிகாரி என்னைப் பார்த்தார். ஜெயில் என்ற சொல் மட்டும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'பனி விலகிவிட்டது என்று சொன்னேன், பொய் சொல்லமாட்டேன் என்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பாதி நிஜம், பாதி பொய். என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதிகாரி எழுதினார். தங்கையா அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எடுத்துச் சொன்னீக சாரே. நாம சொல்லியும் அந்தக் கேப்டன் கேக்காம வந்துட்டாரு போல." நான் தலையை ஆட்டினேன். அது இரண்டாவது பொய். தப்பான தகவல் சொன்னார் என்று அந்த மாதமே எஸ்டேட்டில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அங்கே கொடுத்திருந்த வீட்டையும் காலிசெய்யச் சொன்னார்கள்.

எண்பதுகளின் கடைசியில், எனக்குப் பள்ளிக்கூட வேலை, குடும்பம் எல்லாம் அமைந்த பிறகும், தூக்கம்தான் அமையவில்லை. உண்மையை எழுதிக் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. கேப்டனுக்கு எழுதினேன். அவர் போன வருஷமே காலமாகிவிட்டார் என்று அவர் மனைவி இரண்டு வரியில் பதில் போட்டிருந்தார். மிச்சம் இருந்தது தங்கையா. விசாரித்துப் போனேன். தேவாரம் ஊருக்கு மேற்கே சோளக்காட்டில், யானை வந்தால் தகரம் தட்டுகிற காவலில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

கையிலிருந்த தகரத்தை வரப்பில் வைத்தார். "அப்ப அந்தக் கேப்டன் கேக்காம வரல?" என்றார்.

"இல்லண்ணே. நான் சொன்னதக் கேட்டுத்தான் வந்தாரு."

"இத்தன வருசமா அந்த மனுசனையில்ல திட்டிக்கிட்டுக் கெடந்தேன்." மலைப்பக்கம் பார்த்தார். "உசுரோட இருக்காரா?"

"இல்ல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நான் சொன்னத இப்ப இங்கிலீசுல சொல்லு. சரியாச் சொல்லு. கேப்போம்."

சொன்னேன். மலையைக் கோடை மூடிவிட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் நாலே சொற்கள். இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். வயர்லெஸ்ஸில் எப்போதும் முடிக்கிற அந்தக் கடைசிச் சொல்லையும் சொல்வார் என்று ஏதோ ஒரு நப்பாசை. அவர் தகரத்தை எடுத்துக்கொண்டு சோளத்துக்குள் போய்விட்டார். அடுத்த வருஷம் போனபோது அந்தக் காவலில் வேறு ஆள் இருந்தார்; தங்கையா எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. ராசிங்காபுரத்துத் தரிசில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. கம்பெனி இல்லை, கேப்டன் இல்லை. மழை விட்ட காலைகளில் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிறேன். குரங்கணிக்கு மேலே கோடை இறங்குகிறது. அதைச் சொல்லிவிட்டு 'ஓவர்' என்கிற குரலை அதற்குப் பிறகு நான் கேட்டதேயில்லை.