டிஸ்கு போட இடமில்லாத மிசின்

அருப்புக்கோட்டையில் தூத்துக்குடி பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். முப்பது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். செல்போனில் வீடியோ கேம் செய்திகளைப் படித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றையும் படித்ததும் போனைத் தொடையில் கவிழ்த்துவிட்டு, தப்பு என்னுடையது என்பதுபோல் முறைத்தார்.

“புது கேம் மிசின்ல டிஸ்கு போடுற எடமே கெடையாதாம்ண்ணே. நெட்லதான் எறக்கணுமாம். நாங்க நாலு பேரு ஒரே டிஸ்க வாங்கி மாத்தி மாத்தி வெளையாடுறோம். இனி எதைக் கையில குடுக்க?”

“கம்ப்யூட்டர்ல விளையாடலாமே?”

“அதுல டிஸ்கு ஒழிஞ்சு எம்புட்டோ வருசமாச்சு. அவுகளப் பாத்துத்தான் இந்த மிசின்காரவுகளும் கெட்டாக.”

பந்தல்குடியில் பஸ் நின்றதும், கீழே காத்திருந்த நண்பரிடம் ஜன்னல் வழியே ஒரு டிஸ்கை நீட்டினார்.

“முடிச்சிட்டியாலே?”

“இல்ல. இன்னையிலேர்ந்து ஒன் மொற.”

அது என்ன விளையாட்டு என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்றைய டைரியில் அந்த மிசின் கம்பெனியை அரைப் பக்கம் திட்டி எழுதியிருக்கிறேன்.