பாண் என்ற மானின் இடது காது

எங்கள் ஊரில் எது யாருடைய பேரில் கிடக்கிறது என்று விசாரிக்கப் போனால் தலை சுற்றிவிடும். மோட்டார் சைக்கிள் மாமாவின் பேரில், சிம் காட் செத்துப்போன சித்தப்பாவின் பேரில், குடியிருக்கிற வளவு எப்போதோ லண்டனுக்குப் போன பெரியம்மாவின் பேரில். இதை யாரும் பிழையென்று நினைப்பதில்லை. அந்த நேரத்தில் யாருடைய அடையாள அட்டை கைக்கு அகப்பட்டதோ அவருடைய பேரைப் போட்டு அலுவலை முடித்துவிடுவோம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். ஒருவரும் மாற்றியதில்லை. திருகோணமலை அன்புவழிபுரத்து ஜெயரூபிக்குக் கேடு வந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

அவளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு அச்சகத்தில் பதினான்கு வருசமாகக் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். கொடியேற்ற நோட்டீஸ், பூப்புனித நீராட்டுவிழா பனர், கண்ணீர் அஞ்சலி. ஊரில் யார் பெரியபிள்ளை ஆனாலும், யார் கண்ணை மூடினாலும் அந்தச் செய்தி அவள் விரல் வழியாகத்தான் வெளியே வரும். கீழ் மூலையில் அச்சகத்தின் பேரும் ரெலிபோன் நம்பரும் இருக்கும். அவள் பேர் எங்கேயும் இராது. அதில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை. கண்ணீர் அஞ்சலியில் தன் பேர் வரவேண்டுமென்று யார்தான் ஆசைப்படுவார்கள்?

அவளுடைய ஆசை வேறு இடத்தில் இருந்தது. தகப்பன் சோமசேகரம் துறைமுகத்தில் வேலை செய்தவர். ஒருமுறை கப்பற்காரன் ஒருவன் கழித்துவிட்ட பழைய கேம் பெட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஓட்டம், நீச்சல், ஈட்டி எறிதல் என்று எல்லா விளையாட்டும் இருந்தன. ஜெயரூபியும், அவளுக்கு மூன்று வயது இளைய தம்பி யதுர்சனும் அதைத் தேயத் தேய விளையாடினார்கள். தடைதாண்டலில் எப்போதும் அவள்தான் வெல்லுவாள். தோற்றால் அவன் பொத்தான் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தாயிடம் ஓடுவான். தாய் கமலாதேவி வந்து, "அவன் சின்னப்பிள்ளைதானே, ஒருக்கா விட்டுக் குடன்" என்பாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொல் அது.

பதினெட்டு வயதில் யதுர்சன் கனடா போனான். பெட்டி பழுதாகிப் போயிற்று. ஆனால் ஜெயரூபி உலகத்தில் என்ன புதுக் கேம் வருகிறது என்று போனில் பார்ப்பதை விடவில்லை. அப்படித்தான் அந்த அறிவித்தல் அவள் கண்ணில் பட்டது. ஒன்றுக்கொன்று ஜென்மப் பகையான கேம் கொம்பனிகள் சேர்ந்து, தங்கள் தங்கள் அடையாளப் பொம்மைகளை எல்லாம் ஒரே மைதானத்தில் இறக்கப் போகின்றன. ஒரு கொம்பனியின் குண்டு ஆமையும் இன்னொரு கொம்பனியின் நெருப்புச் சேவலும் ஒரே கோட்டில் நின்று ஓடும். பதினான்கு விளையாட்டுகள். அதோடு ஒரு போட்டியும்: உங்கள் ஊரின் விலங்கொன்றைப் படமாகக் கீறி அனுப்புங்கள், நல்லதாக ஏழு படங்களைத் தெரிந்தெடுத்து கேமில் சேர்ப்போம்.

ஜெயரூபிக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. திருகோணமலை ரவுணில் ஆடுமாடு மாதிரி மான் திரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அச்சகத்து வாசலுக்கு ஒரு புள்ளிமான் நாள் தவறாமல் வரும். பாணென்றால், அதுதான் பேக்கரி ரொட்டியென்றால், உயிர், ஆதலால் அதற்குப் பேரும் பாண். இடது காது நடுவால் கிழிந்திருக்கும். பேக்கரிக்குப் பின்னால் தகர வேலிக்குள் தலையை விட்டுப் பாண் களவெடுத்தபோது கிழிந்தது. மருந்து போட்டுவிட்டதே ஜெயரூபிதான். பாண் கிடைக்காத நாளில் அது சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைத் தின்னும். ஒருமுறை யாரோ செத்தவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் அழைப்பை விலாசத்தோடு தின்றுவிட்டு நின்றது.

அந்த மானுக்குக் காற்சட்டை போட்டுப் படமாகக் கீறினாள் அவள். தடைதாண்டும்போது பக்கத்தில் ஓடுகிறவனின் முதுகிலிருக்கும் இலக்கத் துணியைக் கடித்துத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும். கிழிந்த காது காற்றில் இரண்டாகப் பிரிந்து பறக்கும். மூன்று மாதம் மினைக்கெட்டாள்.

அனுப்பப் போனபோதுதான் சிக்கல். நாட்டைத் தெரிவு செய்கிற பட்டியலில் ஸ்பெயினுக்குப் பிறகு நேரே சுவீடன் வந்தது. இலங்கை இல்லை. யதுர்சனுக்கு அழைத்தாள்.

"இதுக்கு ஏன் அக்கா யோசிக்கிறீங்கள்? என்ர பேரில, என்ர விலாசத்தைப் போட்டு அனுப்புங்கோ. வெண்டால் பிறகு மாத்துவம்."

"பிறகு மாத்தலாமோடா?"

"ஓம் ஓம். அதெல்லாம் நான் கதைக்கிறன்."

அவளும் போட்டாள். மாமாவின் பேரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற ஊரில் இது ஒரு பெரிய காரியமா?

ஆறு மாதத்தில் முடிவு வந்தது. ஏழில் ஒன்று பாண். அச்சகத்துக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள் ஜெயரூபி. பேரை மாற்றுவது பற்றிக் கேட்டபோது தம்பியின் குரல் கொஞ்சம் இழுத்தது. பொய்ப் பேரில் அனுப்பியது தெரிந்தால் கேமிலிருந்து மானையே வெட்டிவிடுவார்களாம். ஆனால் கேம் முடிகிற இடத்தில், வேலை செய்த எல்லாருடைய பேரும் திரையில் ஓடுமாம். "அதில உங்கட பேர் கட்டாயம் வரும் அக்கா. நான் சொல்லி வைச்சிருக்கிறன்."

அந்த ஒரு வரிக்காக அவள் இரண்டு வருசம் காத்திருந்தாள். கேம் சித்திரையில் வருமென்றார்கள், பிறகு ஆவணியென்றார்கள், பிறகு அடுத்த வருசமென்றார்கள். முன்னோட்டம் ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றில் பாண் இரண்டு செக்கன் தலைகாட்டி, ஆமையின் இலக்கத் துணியைத் தின்றது. அதை நிறுத்தி நிறுத்தி எத்தனை தரம் பார்த்தாளென்று கேளாதீர்கள். வாசலில் நின்ற நிசப் பாணுக்கும் போனைக் காட்டினாள். அது போனை நக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இதற்கிடையில் கனடாவில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி யதுர்சனைப் பேட்டி கண்டது. காது ஏன் கிழிந்திருக்கிறது என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். அவன் சொன்னான்: "அது ஷெல் பட்ட காது. சின்ன வயசில எங்கட வீட்டு வாசலில காயத்தோட வந்து நிண்டது. அந்த மானும் நானும் ஒண்டுதான்." கேட்டவள் கண்ணைத் துடைத்தாள். வீடியோவுக்குக் கீழே ஆயிரம் பேர் அழுது எழுதியிருந்தார்கள்.

பாண் பிறந்ததே சண்டை முடிந்து பத்து வருசத்துக்குப் பிறகு. அவன் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. ஜெயரூபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பேர் ஓடும் என்று வாக்குத் தந்திருக்கிறானே, அதுவரைக்கும் பொறுப்போம் என்று வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பொறுமையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைச் சொல்லவேணும்.

கேம் வந்தது. அதை விளையாடுகிற பெட்டி அவளிடம் இல்லை. கிண்ணியாவில் கேம் கடை வைத்திருக்கிற றிப்தி அச்சகத்தின் வாடிக்கைக்காரன். அவனுடைய கடை பனரெல்லாம் அவள் செய்தது. "டவுன்லோட் முடிஞ்சிட்டு அக்கா, வாங்க" என்று செய்தி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிப் பாலம் கடந்து போனாள். பதினான்கு விளையாட்டையும் வென்று முடித்தால்தான் பேர்கள் ஓடும். பதின்மூன்றை றிப்தி விளையாடினான். தடைதாண்டலை அவள் கேட்டு வாங்கினாள்.

பாண் ஓடியது. அவள் விரலுக்கு ஓடியது. கிழிந்த காது அவள் கீறிய மாதிரியே இரண்டாகப் பிரிந்து பறந்தது. முதலாவதாக வந்து, வாயில் மிச்சமிருந்த துணியை மென்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்தது. ஜெயரூபி சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வடிய இருந்தாள். அவளுடைய வாழ்க்கையில் முழுசாகச் சந்தோசமாயிருந்த பத்து நிமிசம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு பேர்கள் ஓடின. நூற்றுக்கணக்கான பேர்கள். ஆமையை நடக்க வைத்தவர், தண்ணீர்ச் சத்தம் போட்டவர், மொழிபெயர்த்தவர், மொழிபெயர்த்தவரின் பூனைக்குட்டி. கடைசிப் பக்கமாக அந்த ஏழு பேர். பாண்: யதுர்சன் சோமசேகரம், கனடா. கீழே ஒரு வரி: எனக்குப் படம் கீறச் சொல்லித்தந்த அம்மாவுக்கு.

கமலாதேவி ஒரு கோலம் ஒழுங்காகப் போடமாட்டாள்.

"அக்கா, உங்கட தம்பிட பேர்!" றிப்தி திரையை நிறுத்தினான். "போட்டோ எடுங்க, போட்டோ எடுங்க. சந்தோசமா?"

"ஓம்" என்றாள். திரும்ப ஒருமுறை முதலிலிருந்து ஓடவிடச் சொல்லி, ஒரு பேர் தப்பாமல் பார்த்தாள். அவளுடையது இல்லை.

தம்பியைக் கேட்டாள். "இடம் காணாது எண்டு சொல்லிப்போட்டாங்கள் அக்கா" என்றான். பூனைக்குட்டிக்கு இருந்த இடம்.

முதல் பென்சில் கோட்டிலிருந்து கடைசி நிறம் வரை எல்லாம் திகதியோடு அவளுடைய கொம்பியூட்டரில் கிடந்தது. கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அனுப்புமுன் தாயிடம் சொன்னதுதான் அவள் செய்த அடுத்த மடத்தனம். கமலாதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, அவனுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கு. பெம்பிளை வீட்டுக்காரருக்கு அவன் பெரிய ஓவியன் எண்டுதான் சொல்லிக் கிடக்கு. இப்ப நீ வாயைத் திறந்தால் எல்லாம் குழம்பிப் போயிடும். ஒருக்கா விட்டுக் குடன்."

கடிதம் அனுப்பப்படாமல் கிடந்தது. கிடக்கிறது.

கலியாணத்துக்கென்று யதுர்சன் வந்து இறங்கினான். அவன் படித்த பள்ளிக்கூடம் பாராட்டு விழா வைத்தது. 'மண்ணின் மைந்தனை வரவேற்கின்றோம்' என்ற பனருக்கான வேலை அச்சகத்துக்கு வந்தது. "உன்ர தம்பிதானே, நீயே வடிவாச் செய்" என்றார் முதலாளி. செய்தாள். ஒரு பக்கம் தம்பியின் படம், மறுபக்கம் அவள் கீறிய மான், கீழ் மூலையில் அச்சகத்தின் ரெலிபோன் நம்பர்.

விழாவில் முன்வரிசைக் கதிரைகளில் பெண்வீட்டார். பக்கத்தில் கமலாதேவி, பட்டுச்சேலையோடு. ஜெயரூபி ஓரமாக நின்றாள். பள்ளிக்கூட அதிபர் கோணேஸ்வரி ரீச்சர் பொன்னாடை போர்த்தி, பேசி முடித்துவிட்டு, ஒருவரும் எதிர்பாராமல் ஒரு பெரிய வெள்ளை மட்டையைக் கொண்டுவரச் சொன்னார். "இப்ப எங்கட பிள்ளையளுக்கு முன்னால யதுர்சன் அந்த மானைக் கீறிக் காட்டுவார்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். யதுர்சன் மார்க்கரை வாங்கினான். மட்டைக்கு முன்னால் நின்றான். ஒரு வளைவு கீறினான். அது மானுக்கும் சேராது, மாட்டுக்கும் சேராது. பெண்ணின் தகப்பன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சரிந்தார். யதுர்சன் திரும்பி அக்காவைப் பார்த்தான். தடைதாண்டலில் தோற்றுப்போய் நிற்கிற அதே முகம்.

அவள் அசையாமல் நின்றிருக்கலாம். ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் பேசாமல் நின்றிருந்தால் ஊர் எல்லாவற்றையும் கண்டிருக்கும். முன்வரிசையில் தாய் இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு அவளையே பார்த்திருந்தாள்.

"பிரயாணக் களைப்பு, கை நடுங்குது" என்றான் யதுர்சன் மைக்கில். "அக்காவும் கொஞ்சம் கீறுவா. அவ கீறட்டும்."

ஜெயரூபி போனாள். மார்க்கரை வாங்கினாள். கழுத்து, முதுகு, புள்ளிகள், துணியை மெல்லுகிற வாய். கடைசியாக இடது காது. மூன்று நிமிசம் ஆகவில்லை. மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

"பாருங்கோ பிள்ளையள்" என்றார் அதிபர். "தம்பியைப் பார்த்துப் பார்த்தே அக்காவும் பழகியிருக்கிறா!"

பிள்ளைகளுக்குள் ஒரு சிறுமி கையை உயர்த்தி, காது ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டாள்.

"பேக்கரித் தகரம் கிழிச்சது" என்றாள் ஜெயரூபி. அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள்.

அதிபர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "இல்லைப் பிள்ளை, அது ஷெல் பட்ட காது. தம்பி பேட்டியில விளக்கமாச் சொன்னவர். நீங்கள் பார்க்கேல்லையோ?"

யதுர்சன் நிலத்தைப் பார்த்தபடி கையை நீட்டினான். அவள் மார்க்கரைக் கொடுத்தாள். அவன் மானின் காலடியில் தன் பேரை எழுதி, திகதியும் போட்டான்.

திங்கட்கிழமை அந்த மட்டை லமினேட் பண்ணுவதற்காக அச்சகத்துக்கு வந்தது. அதிபரின் அறையில் மாட்டப் போகிறார்களாம். ஜெயரூபி மெசினுக்குள் விட்டு எடுத்தாள். கையெழுத்துக்கு மேலே ஒரு காற்றுக் குமிழி நின்றது. அதைத் துணியால் அழுத்தி அழுத்தி வெளியே தள்ளி, எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, தாளில் சுற்றிக் கொடுத்தாள்.