எலும்பில்லாத பாறை

வட்டக்கானலில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளி வேன் நிற்கும் இடத்துக்குப் போகும் பாதையை ஒட்டி ஒரு பெரிய கரும்பாறை இருக்கிறது. யு.கே.ஜி. படிக்கும் என் மகள் ஒரு நாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள டைனோசர் எலும்பு கெடக்குமாம்மா?" என்று கேட்டாள்.

தெரியாமல் எதையும் சொல்லிவிடக் கூடாதே என்று தேடிப் படித்தேன். இந்த மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. எலும்பு என்ற ஒன்று உலகில் உண்டாவதற்கும் முந்தைய கல். சாயங்காலம் அவளிடம் அதை அப்படியே சொன்னேன். "இது உண்டானப்போ யாருமே இல்லடா. பாக்க ஒரு கண்ணுகூட இல்ல."

மறுநாள் காலை பாறை தெரிந்ததும் நின்றுவிட்டாள். "அதுக்குள்ள யாருமே இல்லம்மா" என்று அழுதாள். பேய் இருக்கிறது என்று பயந்தால் தேற்றலாம். யாருமே இல்லை என்று பயப்படும் பிள்ளையை எப்படித் தேற்றுவது? வேன் போய்விட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள்.

விடுதியில் சமையல் பார்க்கும் என் கணவர் சிரித்தார். "ஊருல எல்லாரும் பூச்சாண்டி இருக்குன்னு பயமுறுத்துவாங்க. நீ இல்லைன்னு சொல்லிப் பயமுறுத்தி வச்சிருக்க. கதை எழுதுனவதான? வெரசா ஒண்ண அவுத்து விடு தாயே."

படித்துச் சொன்ன உண்மையைப் பொய்யால் மூடுவதா? மனமில்லாமல்தான் ஆரம்பித்தேன். கண் என்பதே இல்லாத காலத்திலிருந்து பாறைக்குள் ஒன்று படுத்திருக்கிறது, யார் நடந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கும் என்றேன்.

"பசிக்காதா?"

"பசிக்காது."

"போரடிக்குமே?"

"அதான் நாம வர்றோமே."

யோசித்தாள். ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள். பாறையில் காதை வைத்துக் கேட்டு, "தூங்குதும்மா" என்று கிசுகிசுத்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

பிள்ளை பிறந்தபின் ஒரு வரிகூட எழுதாதவள் அன்றே எழுத உட்கார்ந்தேன். யாருமே பார்த்திராத அத்தனை காலத்தையும் அந்த ஒன்றின் மேல் ஏற்றி எழுதினேன். பக்கங்கள் தானாக வந்தன. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று மூடுபனி. வேனுக்குக் காத்திருக்கும்போது, "நாம யாருமே இல்லாமப் போனப்புறமும் அது அங்கேயே இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

படித்தவரையில் எனக்குப் பதில் தெரியும். வேன் வந்தது. அவள் பதிலுக்கு நிற்காமல் ஏறி, கை காட்டினாள்.

வீட்டுக்குத் திரும்ப வேறு பாதை இல்லை. பாறை பனிக்குள் மறைந்திருந்தது. வழியில் யாராவது வந்தால் கூடவே போகலாம் என்று வெகு நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.